அதிர்வின் அகலம்

ஜூலை 9, புதன்

விடிந்ததிலிருந்து சாரல். முட்டி வலி.

வாங்க: கிராஃப் தாள், கால்குலேட்டருக்கு பேட்டரி, தைலம்.

அணுக்கரு ஆராய்ச்சி செய்யும் அந்தப் பேராசிரியர் அம்மாவிடமிருந்து பதில். என் பன்னிரண்டாவது கடிதத்துக்கு. முந்தைய பதினொன்றுக்கும் ஒரு வரி கிடையாது. குடும்பத்தோடு குற்றாலம் வருகிறாராம், குளிக்க. ஞாயிறு காலை தென்காசியில் என் வீட்டுக்கு. “உங்கள் கணக்கை நேரில் பார்க்க வேண்டும். அதுவரை என் மாணவியின் ஆய்வேட்டை நிறுத்தி வைத்திருக்கிறேன்.”

ஜெயித்துவிட்டேன் என்றுதான் முதலில் தோன்றியது. மறுபடி படித்தபோதுதான் கடைசி வரி உறைத்தது. யாரோ ஒரு பெண்ணின் படிப்பு என்னால் நிற்கிறது.

டீக்கடையில் பக்கத்து வீட்டு முருகையா. “என்ன அண்ணாச்சி, அணு சொகமா இருக்கா?” சிரிப்பு. “ஞாயித்துக்கெழம எங்க வீட்டு வாசல்ல வந்து பாரு” என்றேன். சொல்லியிருக்கக் கூடாது.

ஜூலை 10, வியாழன்

தூறல். தூக்கம் சரியில்லை.

என் வழக்கை ஒருமுறை எழுதிக்கொள்கிறேன். நேரில் நாக்கு குழறினால் பார்த்துப் படிக்கலாம்.

சூடேறிய அணுக்கருவுக்குள் புரோட்டான்கள் மொத்தமும் ஒரு கூட்டமாக, நியூட்ரான்கள் மொத்தமும் இன்னொரு கூட்டமாக, எதிரும் புதிருமாக ஆடும். அந்த ஆட்டத்திலிருந்து உயர் ஆற்றல் காமா கதிர் வரும். அதை அளந்து வரைந்தால் ஒரு மேடு. மேட்டின் அகலம் எவ்வளவு என்பதில்தான் தகராறு. பேராசிரியரும் மாணவியும் கட்டுரையில் சொல்வதைவிட இரண்டு அலகு அதிகம் என்பது என் கணக்கு. நான்காவது கடிதத்தில் “பிழையை மறைக்கிறீர்கள்” என்றே எழுதினேன். நகல் இருக்கிறது. இப்போது படித்தால் கூசுகிறது.

எஸ்.எஸ்.எல்.சி.தான். துணை மின்நிலைய ஆபரேட்டர். மீதியெல்லாம் அகராதி வைத்துக்கொண்டு நானே படித்தது. கல்லூரிக்காரர்கள் ஒருவரும் உட்காரச் சொன்னதில்லை.

எதையாவது கேட்டு மடக்குவாரோ என்ற பயத்தில் கட்டுரையை முழுக்கப் படித்தேன். கருவி பற்றிய பகுதியையும். எப்போதும் அதைத் தாண்டிப் போய்விடுவேன். முப்பத்து நான்கு வருடம் மீட்டர் பார்த்தவனுக்குக் கருவியைப் பற்றி யார் சொல்ல வேண்டும். மணிக்கொரு தரம் முள் காட்டுவதைப் பதிவேட்டில் எழுது. அவ்வளவுதானே.

அவ்வளவு இல்லை. கருவிக்குள் கதிரைப் பிடிக்கும் படிகம் அதை முழுதாகப் பிடிப்பதில்லை. கொஞ்சம் வெளியே கசிகிறது. பதினைந்து அலகு ஆற்றலோடு வந்தது பதினான்காகவும் பதிமூன்றாகவும் பதிவாகிறது. கணக்குப் போட்டு வரையும் கோட்டையும் அதே மாதிரி கீழே பரப்பிவிட்டுத்தான் அளந்ததோடு ஒப்பிட வேண்டும். நான் பரப்பவில்லை. ஒரு முறைகூட. என் இரண்டு அலகு அதிகம் அந்தக் கசிவாகவே இருக்கலாம்.

மூன்று வாய் தண்ணீர். மறுபடி அந்தப் பகுதியையே படித்தேன்.

ஜூலை 11, வெள்ளி

மலையில் பலத்த மழை. எல்லா அருவியிலும் குளிக்கத் தடை.

பத்து மணிக்குப் பேராசிரியரின் போன். “ஐயா, அருவியில இறங்க விடல. சும்மாதானே இருக்கோம், நாளைக்குக் காலையிலயே வரட்டுமா? மாணவியும் கூட வந்திருக்கா.” வாங்க என்றேன். ஒரு நாள் போயிற்று.

கணக்கை முதலிலிருந்து. ஒவ்வொரு புள்ளியையும் கீழே பரப்பி, கூட்டி. மூன்று தாள். வீட்டுக்காரி செல்லம்மாள் இரண்டு தடவை வந்து நின்றாள்.

“சோறு ஆறுது. அதுல என்னத்தத் தேடுதீய?”

“ஒரு தப்பு.”

“யாரு தப்பு?”

அடுத்த தாளை எடுத்தேன். சோற்றை மூடி வைத்துவிட்டுப் போனாள்.

நாலு மணிக்கு விடை. அவர்களுடைய அகலம். கால்குலேட்டர் மேல் சந்தேகப்பட்டு, பேட்டரி மாற்றி, மறுபடி. அதே.

ஜூலை 12, சனி

மழை விடவில்லை. இட்லி இறங்கவில்லை.

நியூட்ரான்களும் கருவிக்குள் வந்து கலந்திருக்கும் என்று ஒரு வாதம் வைக்கலாம். அதை அவர்கள் பிரித்துவிட்டார்கள். அதே கருவிப் பகுதியில்தான் இருக்கிறது. உடம்பு சரியில்லை என்று சொல்லலாம். அப்படிச் சொன்னால் ஆய்வேடு இன்னும் நிற்கும்.

மூன்று தாளையும் அடுப்பு வரைக்கும் கொண்டுபோனேன். செல்லம்மாள் நிமிர்ந்து பார்த்தாள். திரும்பி வந்துவிட்டேன்.

கார் சத்தம். அறைக்குள் இருந்து எழுதுகிறேன்.

ஜன்னலுக்கு வெளியே அந்தப் பெண்ணின் குரல். “மேடம், அவரு சொல்றதுதான் சரின்னா, எனக்கு மறுபடியும் மொதல்லேருந்தா?”

“பேசாம வா. கேட்டுக்கிடுவோம்.”

“ஏங்க, வந்துட்டாவ,” செல்லம்மாள். “பிள்ள நனைஞ்சுபோயி நிக்கி. துண்டு எடுத்துட்டு வாங்க.”

சட்டை போட்டாயிற்று. தாள் மூன்றும் கையில்.

“உங்கள் அகலம்தான் சரி.” சொல்லிப் பார்த்தேன். சத்தம் வரவில்லை. இன்னொரு முறை.