ஐந்தாண்டில் ஊர் மூழ்கும் என்ற செய்தியால் நின்றுபோன மூன்றாம் ஓலை

அனுப்புநர்
ஏ. லீமா, செவிலியர்,
த/பெ. ஏசுஅடிமை,
சூசைத்துறை, கன்னியாகுமரி மாவட்டம்.

பெறுநர்
மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
நாகர்கோவில்.

பொருள்: கடல் அரிப்பு ஆய்வைத் திரித்து வெளியான இணையச் செய்திக்கு எழுத்துமூலம் விளக்கம் கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. எனக்கும் பக்கத்து ஊர் ஷிபுவுக்கும் திருமணம் நிச்சயமாகி, கோவிலில் இரண்டு ஞாயிறு ஓலை வாசித்தாயிற்று. திருமணத்துக்குத் தடை அறிந்தவர்கள் பங்குத்தந்தையிடம் சொல்லலாம் என்று மூன்று முறை அறிவிப்பதே ஓலை. எங்கள் கரையில் தாய்வீடு கடைசி மகளுக்குச் சேரும். மாப்பிள்ளை அங்கே வந்து குடியிருப்பார். கடைசி மகள் நான்தான்.

2. இரண்டாம் ஓலை வாசித்த அன்று மாலையே ஓர் இணையதளம், எங்கள் கரையின் கடல் அரிப்பு பற்றிய ஓர் ஆய்வைக் காட்டி, 'ஐந்தே ஆண்டில் சூசைத்துறை கடலுக்குள்' என்று எழுதியது. ஷிபுவின் தாய்மாமன் யோவான் கைபேசியோடு பங்குத்தந்தையிடம் போய், "கடலுக்க அடியில போற வீட்டுல எனக்க மருமவன் எப்பிடி சாமி குடியிருப்பான்?" என்று தடை சொல்லிவிட்டார். நேற்று வாசிக்க வேண்டிய மூன்றாம் ஓலையை வாசிக்கவில்லை. நாள்கணக்கில் கடலிலேயே தங்கி மீன்பிடிக்கும் தங்கல் தொழிலுக்குப் போயிருக்கும் ஷிபுவுக்கு இது எதுவும் தெரியாது. சனிக்கிழமைதான் கரை திரும்புவார்.

3. அந்த ஆய்வை முழுவதும் படித்தேன். உலகில் புகை குறையாமலும் இங்கே அலையைத் தடுக்கக் கடலுக்குள் கல் கொட்டித் தூண்டில் வளைவு போடாமலும் இருந்தால், இந்நூற்றாண்டின் கடைசியில் கரையில் நாற்பது மீட்டர் வரை போகலாம் என்றுதான் அதில் உள்ளது. ஐந்து ஆண்டு என்பது அவர்கள் கரையை அளந்த காலம். அளந்த காலத்தையே ஊரின் ஆயுளாக்கிவிட்டார்கள்! ஆய்வு செய்த பேராசிரியை ரஷ்மியும் மறுத்து இரண்டு முறை எழுதியும் அந்தத் தளம் பதில் தரவில்லை.

4. 'கடல் இடித்த வீடு' என்று அந்தச் செய்தியில் படம் போட்டிருப்பது எங்கள் அடுக்களைச் சுவர். கல்யாணத்துக்குப் புதிதாகக் கட்ட நாங்களே இடித்தது. என் அண்ணனின் சுத்தியல்கூடப் படத்தில் கிடக்கிறது.

5. கடல் வராது என்று நான் சொல்லவில்லை, ஐயா. அதன் பக்கத்தில் படுத்துத் தூங்குகிறவர்கள் நாங்கள். ஊர் மூழ்காது என்று சான்றிதழும் கேட்கவில்லை. ஆய்வில் உள்ளது இன்னது, இல்லாதது இன்னது என்று தங்கள் முத்திரையுடன் ஒரு தாள் வேண்டும். வரும் ஞாயிறு, 19.10.2025 திருப்பலிக்கு முன் அது கிடைக்க ஆவன செய்யுமாறு கேட்டுக்கொள்கிறேன். அந்தத் தளம் திருத்தம் வெளியிடவும் தாங்கள் உத்தரவிட வேண்டும்.

தாள் வந்தால் பங்குத்தந்தை வாசிப்பார். வராவிட்டால் ஆய்வறிக்கையோடு நானே எழுந்து நின்று வாசிப்பேன். கேட்டபிறகு ஷிபு வேண்டாம் என்றால், அதை அவர் என் முகத்தைப் பார்த்துச் சொல்லட்டும்.

தங்கள் பதிலை எதிர்பார்த்து,
ஏ. லீமா

இடம்: சூசைத்துறை
நாள்: 13.10.2025