தொடையில் கை ஊன்றி

ஜூன் 11

ஒன்றாம் வகுப்பின் விளையாட்டு நேரத்தில் இன்று பந்தே கொடுக்கவில்லை. பலூன் கொடுத்தேன். பலூன் மெதுவாக இறங்கும். கண் அதன் பின்னாலேயே போகும், கை தானாக வரும். அடுத்து துணிப்பந்து, அப்புறம்தான் ரப்பர் பந்து. தலைமையாசிரியை எட்டிப் பார்த்து, யாருக்குப் பிறந்தநாள் என்று கேட்டார். சிரித்து வைத்தேன். உள்ளே எரிச்சல்தான்.

ஜூன் 19

ஒற்றைக்காலில் தாவ எல்லாரும் கற்றுக்கொண்டார்கள், மைனாவைத் தவிர. ஓயாமல் பேசுகிறாளே என்று நான் வைத்த பெயர். வாய் ஊரையே விற்றுவிடும், கால் தரையை விட்டு எழாது. தரை வழுக்குகிறதாம். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்ற கதை. கெண்டைக்கால் என்னவோ பந்தாட்டக்காரி மாதிரி திரண்டிருக்கிறது. பலம் இருக்கிறது, பயம்தான்.

ஜூன் 26

தரையில் உட்கார்ந்து எழும் பயிற்சி. மற்றதுகள் ஒன்றையொன்று பிடித்து இழுத்து விழுந்தன. மைனா மட்டும் குப்புறத் திரும்பி, தரையில் கை ஊன்றி, பிறகு முழங்காலில், பிறகு தொடையில் ஊன்றி, தன் உடம்பின் மேலேயே ஏறுவதுபோல் எழுந்து நின்றாள். "மைனா எவ்வளவு அழகா எந்திரிக்கிறா பாருங்க. எல்லாரும் அதே மாதிரி" என்று சொல்லிக் கைதட்ட வைத்தேன். அவள் முகத்தைப் பார்க்க வேண்டுமே. குழந்தைக்குக் குழந்தைதான் பாடம்.

ஜூலை 3

மைனாவின் அம்மாவிடம், வீட்டிலும் காலையும் மாலையும் உட்கார்ந்து எழ வைக்கச் சொன்னேன்.

ஜூலை 10

முன்னைவிட மோசம். ஓடும்போது விழுந்துகொண்டே இருந்தாள். சோம்பல் என்று அதட்டினேன்.

ஜூலை 14

அக்கா வந்திருந்தாள். குழந்தைகள் ஆஸ்பத்திரியில் நர்ஸ். வகுப்பு வீடியோவைப் பெருமையாகக் காட்டினேன். மைனா எழும் இடத்தில் நிறுத்தி, மறுபடி போடச் சொன்னாள்.

"மத்ததுங்க இவளைப் பார்த்து செய்யுதுங்க. இவ யாரைப் பார்த்து செய்யுறா?"

யாரையும் இல்லை, அவளாகவேதான் என்றேன்.

"வேற மாதிரி எந்திரிக்க அவளால முடியாதுடி. நாளைக்கே டாக்டர்கிட்ட காட்டச் சொல்லு. அந்தப் பயிற்சிய நிறுத்து."

கெண்டைக்கால் திரண்டிருப்பது பலம் இல்லையாம், தசை நோயின் வீக்கமாக இருக்கலாமாம். நான் என்னத்தைப் பார்த்தேன்? இத்தனை வருஷமா கண்ணை எங்க வச்சிருந்தேன் — சே.

ஆகஸ்ட் 5

தசை நோய்தான். போகப் போகத் தசை தேயுமாம், நிறுத்த வழியில்லையாம். அவள் அம்மா என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

"வலிக்குதுன்னு அழுவா, டீச்சர். நீங்க சொன்னீங்களேன்னு விடாம செய்ய வச்சேன்."

பயிற்சியால் வந்த நோயில்லை என்று டாக்டர் சொன்னாராம். அந்த அம்மாவே எனக்கு ஆறுதல் சொல்கிறாள். வெட்கமாக இருக்கிறது.

ஆகஸ்ட் 6

எழுத ஒன்றுமில்லை.

பிப்ரவரி 9

இப்போதெல்லாம் என் வகுப்பில் பாதி ஆட்டம் உட்கார்ந்தபடிதான். இன்று வட்டமாக உட்கார்ந்து கூடையில் பந்து எறிந்தார்கள். மைனாவின் குறி தப்பவே இல்லை. மணி அடித்ததும் பிள்ளைகள் குப்புறத் திரும்பி, தரை, முழங்கால், தொடை என்று கை ஊன்றி எழுந்தார்கள். நான் பழக்கியது. அவர்கள் இன்னும் விடவில்லை.

மைனாவும் தரையில் கை ஊன்றினாள். கை முழங்கால் வரை வந்தது. அப்படியே உட்கார்ந்துவிட்டாள். நான் பக்கத்தில் போனேன்.

"மறந்துபோச்சு, டீச்சர். இன்னொரு தடவ சொல்லித் தாங்க."