வாங்க வரவில்லை

அன்புள்ள சின்னவளுக்கு,

அக்கா எழுதுவது. ஆண்டவர் தயவில் நானும் உன் அத்தானும் நன்றாக இருக்கிறோம். நீ சுகமா என்று நான் கேட்கப்போவதில்லை. நீ எப்போதும் சுகமாகத்தான் இருப்பாய். போன மாதம் அனுப்பிய புகைப்படத்தில், நாள் முழுக்க வார்டில் நின்றுவிட்டு வந்தவள் மாதிரியா இருக்கிறாய்? நான் காலையில் கடை திறக்கும்போதே உன்னைவிடக் களைத்துப்போய் இருக்கிறேன். அந்தப் படத்தை அத்தான் கடைச் சுவரில் ஒட்டிவைத்திருக்கிறார். கண் சோதிக்க வருகிறவர்கள் எழுத்துப் பலகையைப் பார்க்காமல் உன்னைப் பார்க்கிறார்கள்.

நம் கண்ணாடிக் கடையில் திருட்டுப் போனதைச் சென்ற கடிதத்தில் இரண்டு வரியில் எழுதியிருந்தேன். இப்போது முழுவதும் எழுதுகிறேன். எனக்காக நடுவிலேயே அழ ஆரம்பித்துவிடாதே. உனக்கு அந்தப் பழக்கம் உண்டு.

அது ஒரு ஞாயிற்றுக்கிழமை. நாங்கள் ஆலயத்தில் இருந்த நேரம் பார்த்து, பின்கதவின் பூட்டை உடைத்து உள்ளே போயிருக்கிறான். அந்த நேரத்தில் நான் என்ன செய்துகொண்டிருந்தேன் தெரியுமா? பாடகர் குழுவை நடத்தும் டீச்சர் என் பக்கம் குனிந்து, உங்க தங்கச்சி குரல் இல்லாம இந்தப் பாட்டு எடுபடவே மாட்டேங்குது என்று சொன்னதைக் கேட்டு உள்ளுக்குள் புகைந்துகொண்டிருந்தேன். நானும் அதே குழுவில் பதினேழு வருடம் நின்றவள்தான். கடைசி வரிசையில் நின்றால் குரலே இல்லை என்றாகிவிடுமா?

திரும்பி வந்து பார்த்தால் கடை அலங்கோலமாகக் கிடந்தது. புது ஃபிரேம் அடுக்கியிருந்த தட்டுகள் போய்விட்டன. லென்ஸ் தேய்க்கும் இயந்திரத்தை நகர்த்திப் பார்த்து, முடியாமல் விட்டிருக்கிறான். உள்ளறையில் ஒரு இழுப்பறை உண்டே, சரிசெய்யக் கொடுத்துவிட்டுத் திரும்பி வராதவர்களின் கண்ணாடிகளைப் போட்டுவைப்பது, அதை அப்படியே உருவிக்கொண்டு போய்விட்டான். ஊரான் பழைய கண்ணாடிய வச்சுக்கிட்டு அவன் என்ன பண்ணப்போறான் பாவம் என்று அத்தான் சிரித்தார். நான் அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன். புது ஃபிரேம் போன துக்கம் என்று நினைத்து அவர் ஓடிப்போய் சோடா வாங்கிவந்தார்.

காவல் நிலையத்தில் பட்டியல் கேட்டார்கள். துடைக்கும் துணி வரைக்கும் எழுதிக்கொடுத்தேன். ஒன்றை மட்டும் எழுதவில்லை.

ஆறுதல் சொல்ல வந்த போதகர், பொருள் மேல் இருக்கிற பிடியைத் தளர்த்தத்தான் ஆண்டவர் சில நேரம் திருடனை அனுமதிக்கிறார் என்றார். அடுத்த ஞாயிறு அதையே சபையில் சாட்சியாகச் சொல்லுங்கள் என்றும் கேட்டுக்கொண்டார். எனக்கு உள்ளூரக் கொண்டாட்டம். இதுவரை யாரும் என்னைச் சாட்சி சொல்லக் கூப்பிட்டதில்லை. அம்மாவின் அடக்க ஆராதனையில்கூட, நாற்பது நாள் ஆஸ்பத்திரியில் கூட இருந்தவள் நான், முந்தின நாள் வந்து இறங்கிப் பேசியவள் நீ.

நல்ல புடவை கட்டிக்கொண்டு போனேன். பறிகொடுத்ததில் மூன்று பாடம் படித்தேன் என்று ஆரம்பித்தேன். நம்மிடம் இருப்பது எதுவும் நம்முடையது அல்ல என்றேன். எடுத்தவனுக்கு ஆண்டவர் நல்ல மனசு கொடுக்கட்டும் என்று ஜெபிக்க வேண்டும் என்றேன். எல்லாம் போனாலும் அவர் நம்மை விட்டுப் போகமாட்டார் என்று முடித்தேன். முன்வரிசையில் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. வெளியே வந்ததும் ஆளாளுக்கு என் கையைப் பிடித்துக்கொண்டார்கள். தங்கச்சி எப்படி இருக்காங்க என்று அன்றைக்கு ஒருத்தர்கூடக் கேட்கவில்லை. அது எனக்கு எவ்வளவு இனித்தது என்று எழுத வெட்கமாக இருக்கிறது.

அந்த இரண்டாவது பாடம் உன் கடிதத்திலிருந்து எடுத்தது. அதையும் உன்னைக் கேட்காமல்தான் எடுத்தேன்.

பத்து நாளில் ஆள் பிடிபட்டான். அடையாளம் காட்ட என்னையும் அத்தானையும் கூப்பிட்டார்கள். மேசை மேல் நம் இழுப்பறை இருந்தது. சுவரோரப் பெஞ்சில் அவன் உட்கார்ந்திருந்தான், நாற்பது வயதிருக்கும். அவன் போட்டிருந்த கண்ணாடியில் ஒரு பக்கம் விரிசல். கண்ணைச் சுருக்கிச் சுருக்கிப் பார்த்ததிலேயே அது அவன் பவர் இல்லை என்று எனக்குத் தெரிந்துவிட்டது. நம் இழுப்பறையிலிருந்து ஒன்றை எடுத்து மாட்டியிருக்கிறான்.

காவலர் ஒவ்வொரு கண்ணாடிக் கூடாகத் திறந்து, உள்ளே இருந்த சீட்டைப் படித்துக் குறித்துக்கொண்டு வந்தார். நம் கடை வழக்கம் உனக்குத் தெரியும். பெயர், பவர், தேதி எழுதின சீட்டு இல்லாமல் ஒரு கூடும் அந்த இழுப்பறைக்குள் போகாது. ஒரு நீலக் கூட்டைத் திறந்தவர் நிறுத்திவிட்டார். உள்ளே கண்ணாடி இல்லை, வாட்ச் இருந்தது. அம்மா நர்ஸ் சீருடையில் நெஞ்சுப் பக்கம் ஊசி குத்தி மாட்டிக்கொள்வாளே, தலைகீழாகத் தொங்குமே, அந்த வாட்ச். ஆஸ்பத்திரியில் யாரோ எடுத்துவிட்டார்கள் என்று உன்னிடம் நான் சொன்ன அதே வாட்ச்.

யாரும் எடுக்கவில்லை. அம்மா அதை என் கையில்தான் கொடுத்தாள். இதச் சின்னவகிட்ட குடுத்துடு, நர்ஸ் வேலைக்கு அவளுக்குத்தான் உதவும் என்றாள். அவள் முதுகைத் துடைத்துக்கொண்டிருந்தேன் நான். எனக்குக் கொடுக்க ஏதாவது இருக்கிறதா என்று காத்திருந்தேன். தண்ணி கொஞ்சம் சூடு அதிகம் என்றாள், அவ்வளவுதான். ரத்தத்தைக் கண்டு மயங்கி விழாமல் இருந்தால் நானும் நர்ஸ் ஆகியிருப்பேன். நிறம், குரல், படிப்பு, அம்மாவின் வேலை எல்லாம் உனக்கு. வாட்சும் உனக்கா என்று வயிறு எரிந்தது. கடைக்குக் கொண்டுவந்து கூட்டில் வைத்து மூடினேன்.

அப்படி மூடும்போது, பாழாய்ப்போன பழக்கம், கை தானாகச் சீட்டு எழுதியிருக்கிறது. ஒளித்துவைக்கிறவள் யாராவது உடையவளின் பெயரை எழுதி வைப்பாளா? நான் வைத்திருக்கிறேன். காவலர் அதை உரக்கப் படித்தார். பெயர் சின்னவள். பவர் என்ற இடத்தில் ஒரு கோடு. கீழே, அந்த இழுப்பறைச் சீட்டு எல்லாவற்றிலும் எழுதுவதுபோல, வாங்க வரவில்லை. யாரும்மா இந்தச் சின்னவ என்று கேட்டார்.

அத்தான் என் பக்கம் திரும்பினார். பெஞ்சில் இருந்தவன், எனக்கும் புரியலைங்க, வாட்சுக்கு எதுக்கு கண்ணாடிக் கூடுன்னு என்றான். அவனை நிமிர்ந்து பார்க்க என்னால் முடியவில்லை. அவனுக்கு நல்ல மனசு வேண்டும் என்று சபை முழுவதையும் ஜெபிக்கச் சொன்னவள் நான். சிலுவையில் ஆண்டவர் பக்கத்தில் தொங்கின கள்ளன் தன் குற்றத்தை ஒத்துக்கொண்டானே, அவனுக்கு இருந்த துணிச்சலில் கொஞ்சம் கொடும் ஆண்டவரே என்று மனதுக்குள் கேட்டேன். பிறகு, இது என்னுது இல்ல, என் தங்கச்சியோடது, நான்தான் எடுத்து வச்சிருந்தேன் என்று சொன்னேன்.

அத்தானோடு வீடு திரும்பினேன். வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போது, நான் எழுதினா அது கோள் சொன்ன மாதிரி ஆயிடும், நீயே எழுதிடு என்றார். அது நடந்து ஆறு நாள் ஆகிறது. இன்று கடை விடுமுறை. காலையில் உட்கார்ந்தவள் இப்போதுதான் இந்த இடத்துக்கு வந்திருக்கிறேன். வரும் ஞாயிறு சபையில் இன்னொரு தடவை எழுந்து நிற்க வேண்டும் என்று போதகரிடம் சொல்லியிருக்கிறேன். இந்தத் தடவை பாடம் ஒன்றுதான். யாரும் என் கையைப் பிடிக்க வரமாட்டார்கள்.

வாட்ச் தொலைந்தது என்றதும் நீ என்னைத் திட்டியிருந்தால் அன்றைக்கே கொடுத்திருப்பேனோ என்னவோ. நீ திட்டவில்லை. எடுத்தவங்களுக்கு ஆண்டவர் நல்ல மனசு கொடுக்கட்டும்க்கா என்று மூன்று வருடமாக ஒவ்வொரு கடிதத்திலும் எழுதினாய். படிக்கும்போதெல்லாம், பெரிய புனிதவதி என்று முணுமுணுத்து மடித்துவைத்தேன். அந்த ஜெபமெல்லாம் என் பேருக்கே வந்துகொண்டிருந்திருக்கிறது. கடைசியில் கேட்கப்பட்ட ஜெபமும் உன்னுடையதுதான், பார். அதிலும் எனக்குப் பொறாமைதான்.

உடையவள் கையெழுத்துப் போட்டு வாட்சை வாங்கிக்கொள்ள வேண்டும் என்று காவலர் சொல்லியிருக்கிறார். நேரில் வர முடியாவிட்டால் நீ ஒரு கடிதம் எழுதிக்கொடுத்தாலும் போதுமாம், நாங்கள் வாங்கித் தபாலில் அனுப்பிவிடலாம். இந்த இரண்டாவதை உனக்குச் சொல்லாமல் விட்டுவிட்டால் நீ வந்துதானே ஆகவேண்டும் என்று காலையிலிருந்து யோசித்தேன். அதுவும் திருட்டாகிவிடும் என்பதால் எழுதிவிட்டேன்.

ஆண்டவர் உன் கைகளை ஆசீர்வதிக்கட்டும். அம்மா பிடித்த மாதிரி நீயும் பல பேர் நாடியைப் பிடித்து, பிழைத்துவிடுவாய் என்று சொல்ல வேண்டும். லீவு கிடைக்குமா என்று கேட்டுப் பார். கிடைத்தால், வந்து வாங்கிக்கொள்.

இப்படிக்கு,
மூன்று வருடமாக நீ யாருக்காக ஜெபித்தாயோ, அந்த
அக்கா