குட்டி டீச்சரின் நாலு தப்பு

ஜூலை 6

அன்புள்ள அக்காவுக்கு,

நலம்தானே? முழங்கால் வலி எப்படி இருக்கிறது? போனில் பேசினால் நம் இருவருக்குமே வாய் முந்திக்கொள்ளும், அதனால் எழுதுகிறேன். மகளை உன் வீட்டில் விட்டுவிட்டு நான் இங்கே ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை பார்க்கும் தைரியமே, அவளுக்கு வகுப்பு டீச்சரும் நீதான் என்பதால் வந்தது.

ஒரு சின்னக் குறை. பத்துக் கூட்டல் கணக்கைச் சீக்கிரம் முடித்தால் இன்னும் பத்துக் கூட்டல் கொடுக்கிறாயாம். ஓடி முதலில் வந்தவளை மறுபடி ஓடவிடுவதா பரிசு? வேறு ஏதாவது கொடேன். விடை இருபத்துநாலு என்று சொல்லி, அதற்கு எத்தனை கேள்வி உண்டாக்கலாம் என்று கேள். பென்சிலால் மேஜையை அளக்கச் சொல். பக்கத்தில் இருப்பவளுக்கு ஒரு கதைக் கணக்கு எழுதச் சொல்.

உன் தங்கை

ஜூலை 19

அன்புத் தங்கச்சிக்கு,

நாங்கள் நலம். உன் இருபத்துநாலை ஒருநாள் கொடுத்துப் பார்த்தேன். உன் மகள் உற்சாகத்தில் போட்ட கூச்சலுக்கு ஹெட்மாஸ்டரே எட்டிப் பார்த்துவிட்டார். நாற்பது வாண்டுகளைக் கட்டி மேய்க்கிறவளுக்கு இதெல்லாம் சரிப்படுமா, நீயே சொல்.

அதைவிட நல்ல வழி கண்டுபிடித்துவிட்டேன். தன் கணக்கை முடித்ததும் சிவப்புப் பேனாவை எடுத்து மற்றவர்கள் நோட்டைத் திருத்துகிறாள். 'குட்டி டீச்சர்' என்று பெயர் வைத்திருக்கிறேன். எனக்கும் மூச்சுவிட நேரம் கிடைக்கிறது. ஸ்டாஃப் ரூமில் எல்லோருக்கும் பொறாமை.

என்ன, இந்த வாரம் கவனம் சிதறுகிறது. எளிய கணக்கிலேயே நாலு தப்பு. நகமும் கடிக்கிறாள். நீயும் போனில் கொஞ்சம் கண்டித்து வை.

உன் அக்கா

ஜூலை 27

அக்கா,

கண்டிக்கத்தான் கூப்பிட்டேன். அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "நாலு தப்பு போட்டா பெரியம்மா பேனா தரமாட்டாங்கம்மா. மூணு போட்டா தந்துடுவாங்க. நான் போட்டுப் பாத்துட்டேன்."

சீக்கிரம் முடிக்கிற பிள்ளைக்கு நீ கொடுத்த வேலையில் அவள் கற்றுக்கொண்டது இதுதான்.

ஒரு நோட்டின் நடுப்பக்கத்தில் எவனோ மூக்குச்சளியை அப்பி மூடிக் கொடுத்திருக்கிறான். உன்னிடம் காட்டியதற்கு, "துடைச்சிட்டு மார்க் போடு" என்றாயாம். அக்கா, சீழ் துடைத்த கையைக் கழுவிவிட்டு அடுத்த நிமிடமே சாப்பிட உட்காருகிறவள் நான். எனக்கே குமட்டிக்கொண்டு வந்தது. சளியை நினைத்து அல்ல. சீ! எட்டு வயசுப் பிள்ளை தலையில் உன் வேலையைக் கட்டிவிட்டு, அதற்குப் பட்டம் வேறு. தப்புப் போடுகிறவள் என்று சாப்பாட்டு வேளையில் அவள் பக்கத்தில் ஒருத்தியும் உட்காருவதில்லையாம். அது உன் கண்ணில் படாமலா இருக்கும்?

பேனாவை வாங்கி வைத்துவிடு. வாங்கிவிட்டேன் என்று ஒரு வரி எழுதினால் போதும்.

தங்கை

ஆகஸ்ட் 4

தங்கச்சிக்கு,

பெற்றுப் போட்டுவிட்டுப் போனவளுக்கு வாய் நீளமாகத்தான் இருக்கும். தினமும் தலைபின்னி அனுப்புகிறவள் நான். பிள்ளை பேச்சைக் கேட்டு என்னைச் சீ என்றுவிட்டாய்.

இந்த மாதம் ஆய்வுக்கு அதிகாரி வருகிறார். அதற்குள் நோட்டெல்லாம் திருத்தியாக வேண்டும். அதுவரை பேனா அவளிடம்தான் இருக்கும். நாலு தப்புத் தந்திரமும் இனி பலிக்காது. எத்தனை தப்புப் போட்டாலும் திருத்தித்தான் ஆகவேண்டும் என்று சொல்லிவிட்டேன்.

அக்கா

ஆகஸ்ட் 9

அக்காவுக்கு,

சனிக்கிழமை காலை வருகிறேன். அவள் துணிமணியை எடுத்து வை. மாற்றுச் சான்றிதழுக்கு ஹெட்மாஸ்டரிடம் பேசிவிட்டேன். இங்கே பகல் டூட்டி கேட்டு வாங்கியிருக்கிறேன். மாலையில் நான் திரும்பும்வரை பக்கத்து வீட்டில் இருப்பாள்.

நீ அவளுக்குச் செய்த நல்லதை மறக்கவில்லை. வேற்றாள் என்றால் நாலு திட்டுத் திட்டிவிட்டு மறந்திருப்பேன். நீ என்பதால்தான் இத்தனை அருவருப்பாக இருக்கிறது.

ஆட்டோ வாசலிலேயே நிற்கும். கிளம்பும்போது அவள் உன்னைக் கட்டிக்கொண்டு அழுவாள், அவளுக்கு உன்னைப் பிடிக்கும். எவ்வளவு நேரமானாலும் அழட்டும், காத்திருக்கிறேன். நான் இறங்க மாட்டேன்.

அவளுடைய அம்மா