பார்வதி அக்கா, பக்கத்து வீட்டுத் துணி நனையவில்லை

என் அன்பான பார்வதி அக்காவுக்கு,

முதலில் பிள்ளைகள் செய்தி. வீட்டுக்குள் நுழைந்ததும் "பிள்ளைங்க எப்படிடி?" என்றுதான் கேட்பாய். அதற்குப் பதில் வந்த பிறகுதான் செருப்பைக் கழற்றுவாய்.

என் மகள் மாலதியின் மூத்தவன் குகன் இப்போது ஷா ஆலாமில் ஒரு தொழிற்சாலையில் இன்ஜினியர். முதல் சம்பளத்தில் எனக்கு ஒரு மின்விசிறி வாங்கித் தந்தான். யாழினி பல்கலைக்கழகத்தில் மருந்துப் படிப்பு, இரண்டாம் ஆண்டு. என் மாத்திரைப் பையைப் பார்த்துவிட்டு டாக்டரையே குறை சொல்கிறாள். சின்னவன் முகிலன் தமிழ்ப்பள்ளியில் பேச்சுப்போட்டியில் கோப்பை வாங்கினான். இந்த வருடம் ஐந்தாம் வகுப்பு, அக்கா. நான் நிறுத்திய அதே வகுப்பு. அடுத்த வருடம் என்னைத் தாண்டிவிடுவான். இன்னொன்று, உன் பேத்தி சுபா வக்கீலாகிவிட்டாள். கறுப்பு அங்கி போட்டு நின்றாளாம். நீ இருந்திருந்தால் ஊரெல்லாம் வம்பிழுத்து அவளிடம் வழக்குக்கு ஆள் பிடித்துக் கொடுத்திருப்பாய்.

இனி என் கதை. கொஞ்ச நாள் முன்புவரை இதை உன்னிடம் சொல்லவே வெட்கமாக இருந்தது. இப்போது சொல்லலாம்.

என் வீட்டுக்காரர் தவறிய பிறகு மாலதி என்னை பிரிக்பீல்ட்ஸிலிருந்து கிள்ளானுக்கு அழைத்து வந்துவிட்டாள். நல்ல தாமான் குடியிருப்பு, வரிசை வீடுகள், வாசலில் கார் நிறுத்த இடம். ஆனால் விடியும் முன்பே எல்லா வீட்டுக் கதவும் திறக்கும், எல்லா வண்டியும் கிளம்பும். பாதிப் பேர் கொமுட்டர் ரயிலுக்கு, மீதிப் பேர் ரோட்டில் ஜாமுக்கு. மாலதிக்கும் மாப்பிள்ளைக்கும் கோலாலம்பூரில், அந்த கே.எல்.லில்தான் வேலை. முகிலன் பள்ளி முடிந்து டியூஷனுக்குப் போய், அவர்களோடுதான் திரும்புவான். பசியாறிவிட்டு வாசலுக்கு வந்தால் தெருவில் ஒரு ஆள் இருக்காது. எதிர்வீட்டு லிம் அங்கிளும் நானும்தான். அவருக்குத் தமிழ் தெரியாது, எனக்குச் சீனம் வராது. மலாயில் வெயிலைப் பற்றிப் பேசிக்கொள்வோம். மற்றபடி அவர் வீடு தவிர ஒவ்வொரு வீட்டுச் சுவரிலும் ஒரு கேமரா மட்டும் முழித்துக்கொண்டு இருக்கும்.

ஒரு நாள் மத்தியானம் வானம் இருட்டியது. கிள்ளான் மழை உனக்குத் தெரியும், சொல்லிக்கொண்டு வராது. பக்கத்து வீட்டு தர்ஷினி துணியை வாசல் கம்பியில் காயப்போட்டுவிட்டு வேலைக்குப் போயிருந்தாள். அவள் புருஷன் துறைமுகத்தில் லோரி ஓட்டுகிறவன், அவனும் இல்லை. குழந்தையின் சட்டை காற்றில் தலைகீழாக ஆடியது.

நான் ஒன்றும் யோசிக்கவில்லை, அக்கா. பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் நாம் யோசித்தோமா? முதல் துளி விழும் முன்பே உன் குரல் கடைசி வீடு வரைக்கும் கேட்கும். "மழைடீ!" யார் கொடி, யார் துணி என்று எவள் பார்த்தாள்? உனக்குப் பேச்சு இல்லாத வீட்டுத் துணியைக்கூட நீ எடுத்து வருவாய். திட்டிக்கொண்டே மடிப்பாய். உள்பாவாடையைப் புடவைக்கு அடியில் மறைத்து வைத்துத்தான் திருப்பிக் கொடுப்பாய்.

அந்தப் பழக்கத்தில் தலையில் ஒரு துண்டைப் போட்டுக்கொண்டு, கண்ணில் பட்ட செருப்பை மாட்டிக்கொண்டு, அவர்கள் வீட்டுக் கேட்டின் கொண்டியைத் திறந்து உள்ளே போனேன். துணியை அள்ளி மார்போடு அணைத்துக்கொண்டு ஓடி வந்தேன். மின்விசிறியில் காயவைத்து, மடித்து, கூடையில் வைத்தேன். பெருமையாகத்தான் இருந்தேன்.

சாயங்காலம் மாப்பிள்ளை ரயிலில் நின்றுகொண்டு வரும்போது அவர் போனில் தாமான் வாட்ஸ்அப் குழுவில் ஒரு கேமரா படம் ஓடியதாம். யாரோ ஒரு பொம்பளை பட்டப்பகலில் வீட்டுக்குள் புகுந்து துணியைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறாள், எல்லாரும் கவனம் என்று தர்ஷினி போட்டிருந்தாள். போலீஸுக்குப் போங்கள் என்று ஒருவர். இப்போதெல்லாம் துணியைக்கூட விடமாட்டார்கள் போல என்று இன்னொருவர். திருடி என்றே எழுதிவிட்டார் ஒருத்தர். துண்டு மறைத்ததால் முகம் தெரியவில்லையாம். மாப்பிள்ளை செருப்பைப் பார்த்துத்தான் அடையாளம் கண்டிருக்கிறார். அது அவருடைய செருப்பு.

வீட்டுக்கு வந்தவர் கோபப்படவில்லை. "அத்தை, அது நீங்கதானே?" என்று மட்டும் கேட்டார். கூடையைத் தூக்கிக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் போனார். தர்ஷினி உடனே படத்தை அழித்துவிட்டாள். கேட்டருகே வந்து, "சாரி ஆன்டி, நீங்கன்னு தெரியல லா" என்றாள். குழந்தை இடுப்பில் அழுதுகொண்டிருந்தது. அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. நானும் அவளைப் பார்க்கவில்லை.

படத்தை அழிக்கலாம். பார்த்தவர்கள் கண்ணை யார் அழிப்பது? ரொட்டிக்காரர் மோட்டாரில் வந்து மணி அடித்தாலும் நான் வெளியே வரவில்லை. கோயிலுக்கும் போகவில்லை. மாலதி சொன்னாள், "அம்மா, இங்க யாரும் யார் கேட்டையும் தொட மாட்டாங்க. அதுதான் இங்க மரியாதை." அவள் சொன்னது தப்பில்லை. ஆனால் துணி நனைவதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருப்பது எப்படி மரியாதையாகும்? பிரிக்பீல்ட்ஸிலேயே ஒரு ரூம் பார்த்துக்கொடு, நான் போய்விடுகிறேன் என்றேன். நம் குவார்ட்டர்ஸ் இடித்த இடத்தில் கட்டடம் எழும்பிவிட்டது என்று தெரிந்தும்தான் சொன்னேன். அவள் ராத்திரி சாப்பிடவில்லை.

அடுத்த வாரம் மறுபடியும் துறைமுகப் பக்கமிருந்து மேகம் ஏறியது. பக்கத்து வீட்டுக் கம்பியில் வெள்ளைச் சட்டைகள். அவர்கள் பெரியவள் மறுநாள் பள்ளிக்குப் போட வேண்டியவை. நான் எங்கள் வாசல் கிரில்லைப் பிடித்துக்கொண்டு உள்ளேயே நின்றேன். லிம் அங்கிள் துணியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், உள்ளே போனார். என் கை கிரில்லை விடவில்லை, அக்கா. காற்று வந்துவிட்டது.

அப்போது பக்கத்து வீட்டுச் சுவரிலிருந்து கரகரவென்று ஒரு சத்தம். பிறகு ஒரு பெண் குரல்.

"ஆன்டி... ஆன்டி, உள்ள இருக்கீங்களா? மழை வருது போல. பிள்ளையோட ஸ்கூல் பாஜு காயுது. கொஞ்சம் எடுக்கிறீங்களா?"

கேமரா பேசுகிறது! அதன் வழியாகப் பேசலாம் என்று எனக்கு யார் சொன்னது? தர்ஷினியின் குரல்தான். கிரில்லைத் திறந்துகொண்டு போய் அந்தக் கண்ணுக்கு நேராக நின்றேன்.

"நீ எங்கம்மா இருக்கே?"

"ஆபீஸ்ல ஆன்டி. கே.எல்.ல."

"எடுக்கிறேன். மறுபடியும் படம் போட மாட்டியே?"

மூக்கை உறிஞ்சுவது கேட்டது. "போட மாட்டேன் ஆன்டி. நீங்க எடுங்க. நான் பார்த்துட்டு இருக்கேன்." உடனே அவளே பதறிப்போய், "துணைக்குச் சொன்னேன் ஆன்டி, துணைக்கு" என்றாள்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சட்டைகளை அள்ளினேன். ஒரு சட்டையில் மட்டும் இரண்டு துளி பட்டிருந்தது, அவ்வளவுதான்.

அன்று சாயங்காலம் காரை நிறுத்தியதும் தன் வீட்டுக்குக்கூடப் போகாமல் நேராக என்னிடம் வந்தாள். இந்த முறை முகத்தைப் பார்த்தாள். முதல் நாள் கூடையைத் திறந்தபோது குழந்தையின் காலுறைகள் ஜோடி ஜோடியாகச் சுருட்டி இருந்ததாம். "எங்க அம்மா அப்படித்தான் சுருட்டுவாங்க ஆன்டி. அதப் பார்த்ததிலேர்ந்து வந்து பேசணும்னு இருந்தேன். வாயே வரல" என்றாள். அவள் அம்மா சித்தியவானில் இருக்கிறாளாம், வருடத்துக்கு ஒருமுறைதான் பார்க்க முடிகிறதாம். நான் தேத்தண்ணீர் போட்டேன். குடித்துக்கொண்டே அதே வாட்ஸ்அப் குழுவில் என் பெயரைப் போட்டு, அன்றைக்கு நடந்ததை ஒளிக்காமல் எழுதினாள். அனுப்பும் முன் எனக்குப் படித்தும் காட்டினாள். மாலதி அன்று இரண்டு தட்டுச் சோறு சாப்பிட்டாள்.

அதற்குப் பிறகு என்ன நடந்தது தெரியுமா? கடைசி வீட்டு மலாய்ப் பெண் அவள் வீட்டு கேமரா வழியாகக் கூப்பிட்டாள். பிறகு இன்னொரு வீடு. மேகத்தை நான் பார்க்கும் முன்பே கே.எல்.லிலிருந்து அவர்கள் பார்த்துவிடுகிறார்கள். லிம் அங்கிள் வீட்டில் கேமரா கிடையாது. அவர் எதிரிலிருந்து மழையை மலாயில் "ஊஜான்! ஊஜான்!" என்று கத்திக்கொண்டே தன் வரிசையில் துணி எடுக்கிறார். தெரு முழுக்கக் கேட்கிறது. முதல் முறை கேட்டபோது நான் நின்றுவிட்டேன், அக்கா. ஏன் என்று உனக்குச் சொல்ல வேண்டாம்.

இப்போது ரூம் பேச்சு இல்லை. ராத்திரி நன்றாகத் தூக்கம் வருகிறது. ரொட்டிக்காரரிடம் பழையபடி பேரம் பேசுகிறேன்.

இதை உன் மகன் கணேசனின் பினாங்கு முகவரிக்குத்தான் அனுப்புகிறேன், அவன் படிப்பான். தம்பி, என்னிடம் இருப்பது உன் அம்மாவின் அடையாள அட்டைப் படத்தைப் பெரிதாக்கியதுதான். அதில் ஆபீஸரோடு சண்டைக்கு நிற்பது போல இருக்கிறாள். அவள் சிரிக்கிற படம் ஒன்று உன்னிடம் கட்டாயம் இருக்கும். வாட்ஸ்அப்பில் வேண்டாம்ப்பா, கடையில் படத்தைக் கழுவித் தபாலில் அனுப்பு. பிரேம் போட வேண்டும்.

வந்ததும் அதைச் சாமி அறையில் மாட்டமாட்டேன், அக்கா. முன் ஹாலில், வானம் தெரிகிற ஜன்னலுக்கு நேராக மாட்டுகிறேன். எந்த கேமராவுக்கும் முன்னால் நீதான் பார்ப்பாய். என் கையில் தெம்பு இருக்கும்வரை இந்தத் தெருவில் ஒரு பிள்ளையின் சட்டையும் நனையாது. அது என் பொறுப்பு. மாப்பிள்ளை செருப்பை மட்டும் இனித் தொடமாட்டேன்.

ஒரே சுவருக்கு அந்தப் பக்கம் வாழ்ந்த உன் தங்கச்சி,
லெட்சுமி