வெள்ளித்தாளில் இரண்டு குளிசை

குருநகர்
08.03.2025

இயேசு மரி சூசை துணை

அன்பும் அறுவையும் நிறைந்த கனிசியசுக்கு,

உங்கள் விடுதியில் ஃபோன் தடையாம். அதனால் பதினேழு வயதில் நான் முத்திரை நக்குகிறேன். பசை கசக்கிறது. உன் அம்மா உன்னை இளவாலைக்கு அனுப்பியது படிப்பிக்க அல்ல, என்னிடமிருந்து காப்பாற்ற என்றுதான் எங்கள் ஒழுங்கை முழுக்கக் கதை.

இனிச் சிரிக்காமல் வாசி. போன மாதம் வகுப்பில் ஒப்படை வாசிக்க எழும்பினேன். நெஞ்சு வள்ளத்து எஞ்சின் மாதிரி அடித்தது. கை நடுங்கி, கண் இருட்டி விழுந்துவிட்டேன். பெடியள் கைதட்டினார்கள். நடிக்கிறேனாம்! பகிடிக்காரன் செத்தாலும் கைதட்டுவார்கள் மச்சான்.

உனக்கு மட்டும் சொல்கிறேன். இது இரண்டு வருடமாக இருக்கிறது. நான் இவ்வளவு பகிடி விடுவதே அது வெளியே தெரியாமலிருக்கத்தான்.

கிளினிக்கில் டொக்டர் முதல் கேள்வியாக, "தம்பி, தொய்வு, மூச்சுமுட்டு ஏதும் இருக்கோ?" என்றா.

"எனக்கில்லை டொக்டர். என்ரை சிநேகிதனுக்கு இருக்கு. அவனுக்கும் சேர்த்துத் தாங்கோ."

அவ சிரிக்கவில்லை. "கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லும்" என்றுவிட்டுக் குளிசை எழுதினா. புறொப்பிறனலோல். பேரைச் சொல்லி முடிக்கவே பயம் போய்விடும். கூட்டத்துக்கு முன் நிற்க ஒரு மணித்தியாலம் இருக்கும்போது ஒன்று போட வேண்டும். பயம் போகாது. உள்ளே நின்று கத்திக்கொண்டேயிருக்கும். ஆனால் உடம்புக்குக் கேட்காது.

இப்படிக்கு,
உன் தீராத் தலையிடி
ஜெரோசன்

---

விடுதி, இளவாலை
19.03.2025

அன்பு நண்பன் ஜெரோசனுக்கு,

உன் கடிதத்தை மூன்று தரம் வாசித்தேன். நீ விழுந்த அன்று நான் அங்கே இருந்திருந்தால் கைதட்டியிருப்பேனோ என்று யோசித்தேன். தட்டியிருப்பேன். மன்னித்துக்கொள்.

ஒரு செய்தி. பெரிய வெள்ளிக்கு எங்கள் கோயிலில் பாடுகளின் பசான் படிக்க வரச்சொல்லி, பசான் பழக்குகிற லெனாட் அண்ணை அம்மாவிடம் கேட்டிருக்கிறார். மாதா மகனை மடியில் போட்டு அழுகிற அந்தப் பகுதி அப்பா படித்தது. அவர் கடலில் போன பிறகு அதை ஒருவரும் தொடவில்லை. அம்மா என்னைக் கேட்காமலே "ஓம்" சொல்லிவிட்டா. சந்தோசத்தில் புதுச் சேலையும் எடுத்துவிட்டாவாம்.

இப்போது நினைத்தாலே எனக்குக் குரல் வரவில்லை. அவவுக்கு முன் தடக்கினால் அப்பாவை இரண்டாம் தரம் தாழவிட்டது போலாகும்.

போன வருடம் மூச்சு முட்டினால் நான் வாய்க்குள் அடிக்கிற பம்மை ஒளித்துவைத்து, "உது பம் இல்லை, பம்மாத்து" என்றாயே. எனக்குச் சொண்டு நீலம் பாரித்த பிறகுதான் தந்தாய். அதற்கு நீ எனக்குக் கடன். உன் குளிசையில் இரண்டு அனுப்புவாயா?

அன்புடன்,
கனிசியஸ்

---

குருநகர்
26.03.2025

இயேசு மரி சூசை துணை

பசான் புலவர் கனிசியஸ் அவர்களுக்கு,

இந்தத் தாளின் மூலையைக் கிள்ளிப் பார். சொக்லேற் வெள்ளித்தாளில் சுற்றி இரண்டு குளிசை ஒட்டியிருக்கிறேன். விடுதிச் சாமியார் உடைத்துப் பார்த்தால் மல்லிகை விதை என்று சொல். மல்லிகைக்கு விதை உண்டோ என்று அவர் யோசித்து முடிக்க நீ பசானே படித்துவிடுவாய்.

பம்மை ஒளித்தது பகிடி இல்லை மச்சான். அன்றிரவு நான் நித்திரை கொள்ளவில்லை. அதற்குப் பரிகாரம் இது. எனக்கு இரண்டு குறைந்தால் இரண்டு நாள் பள்ளிக்குக் கள்ளம் போடுவேன். இதைவிடப் பெரிய அன்பளிப்பு என்னிடம் இல்லை.

இப்படிக்கு,
டொக்டர் ஜெரோசன்
(பட்டம் தபாலில் வருகிறது)

---

விடுதி, இளவாலை
09.04.2025

அன்பு ஜெரோசன்,

மல்லிகை விதை கிடைத்தது. பாதி போட்டுச் சிற்றாலயத்தில் படித்துப் பார்த்தேன். கை நடுங்கவில்லை! குரல் அப்பாவுடையதைப் போல இருந்ததென்று சமையல்கார ஐயா சொன்னார். பிறகு கொஞ்சம் நெஞ்சு இறுகி இருமல் வந்தது. பயத்தின் மிச்சமாக்கும். பெரிய வெள்ளிக்கு மிச்சம் ஒன்றரையையும் போடுகிறேன்.

நீ முன்வாங்கில் இரு. சிரிப்புக் காட்டாதே.

அன்புடன்,
கனிசியஸ்

---

குருநகர்
24.05.2025

கனிசியஸ்,

முன்வாங்கில்தான் இருந்தேன். சிரிப்புக் காட்டவில்லை.

முதல் நாலு அடிக்கு ஒரு இருமல்கூடக் கேட்கவில்லை. உன் அம்மா புதுச் சேலைத் தலைப்பை வாயில் பொத்திக்கொண்டிருந்தா. ஐந்தாம் அடியில் நீ விம்மினாய். பசான் படிக்கிறவன் விம்முவது வழக்கம்தானே. உன் அப்பாவும் விம்மித்தான் படிப்பாராம். நீ விம்ம விம்மச் சனமும் சேர்ந்து அழுதது. "அப்பன்ரை குரல், அப்பிடியே அப்பன்ரை குரல்" என்று எனக்குப் பின்னால் ஒரு கிழவி சொன்னா. நானும் அழுதேன். நீ மூச்சுக்குத் தவித்துக்கொண்டிருந்தாய், நாங்கள் எல்லோரும் அதை அழகென்று கேட்டுக்கொண்டிருந்தோம்.

நீ பம்மை எடுத்தபோதுதான் விளங்கியது. அடித்தாய். திரும்ப அடித்தாய். கேட்கவில்லை. ஆஸ்பத்திரி வாசலுக்குப் போகும்வரை உன் கை என் சேட்டுக் கொலரை விடவில்லை. அந்தச் சேட்டை இன்னும் தோய்க்கவில்லை.

உன்னைக் கொண்டுபோனது சாம்பிராணிப் புகை என்கிறார்கள். உன் அம்மா வீட்டிலிருந்த சாம்பிராணியை எல்லாம் கடலில் கொட்டிவிட்டா.

போன செவ்வாய் கிளினிக்கில் கேட்டேன். "டொக்டர், தொய்வுக்காரர் இதைப் போட்டால்?"

"அதுக்குத்தானே தம்பி முதல் கேள்வியா அதைக் கேட்டனான். மூச்சுக்குழாய் இறுகிப்போகும். பம் அடிச்சாலும் கேளாது. ஏன், ஆருக்கு?"

"சும்மா" என்றேன்.

உன் முப்பத்தோராம் நாள் பூசை முடிந்து வரும்போது உன் அம்மா என் கையைப் பிடித்தா. "தம்பி ஜெரோ, அவன்ரை றங்குப்பெட்டிக்குள்ளை உம்மடை கடிதம் ரெண்டு கிடக்கு. உம்மடை கோழிக்கிறுக்கல் எனக்கு விளங்கேல்லை. ஒருக்கா வந்து வாசிச்சுக் காட்டும். என்ரை பிள்ளை எதுக்குச் சிரிச்சவன் எண்டு நானும் அறியவேணும்."

என் எழுத்து எனக்கு மட்டும்தான் விளங்கும், மச்சான். நினைத்ததை வாசிக்கலாம். குளிசை இருந்த இடத்தில் கிரிக்கெட் என்று வாசிக்கலாம். டொக்டர் கேட்ட கேள்வியை விழுங்கலாம். அவ கண்டுபிடிக்கமாட்டா. இத்தனை இலகுவான பகிடி என் ஆயுளில் இனிக் கிடைக்காது.

நாளைக்குப் பூசை முடிய அங்கே போகிறேன். இந்தக் கடிதத்துக்கு முத்திரை ஒட்டவில்லை. கையிலே கொண்டுபோகிறேன். இரண்டையும் எழுதியிருக்கிறபடி வாசித்துவிட்டு, மூன்றாவதாக இதை வாசிப்பேன். அதன்பிறகு அவ என்னை என்ன செய்தாலும் செய்யட்டும். ஒன்றும் செய்யாமல் "போம் தம்பி" என்றுவிடுவாவோ என்றுதான் பயமாயிருக்கிறது.

நாளைக்குக் குளிசை போடமாட்டேன். நெஞ்சு எப்படி அடிக்கிறதோ அப்படியே அடிக்கட்டும். பக்கத்திலிருக்கிற அவவுக்கும் கேட்கட்டும்.

ஜெரோசன்