பதிமூன்று ஃபிளாஸ்க் கீரைச்சாறு

மார்ச் 4, செவ்வாய்

தையற்கடைக்கு அரை மணி நேரம் தாமதம். காரணம் பசலைக்கீரை. இரண்டு கைப்பிடி கீரை, அரை ஆப்பிள், ஒரு துண்டு இஞ்சி, எலுமிச்சை — எல்லாவற்றையும் ஒன்றாக மிக்சியில் போட்டேன். நார் நாராக நின்றது. கீரையை மட்டும் முதலில் கொஞ்சம் தண்ணீர் விட்டு அரைக்க வேண்டுமாம். இரண்டாவது முறை வழுவழுவென்று வந்தது.

என் வீட்டுக்காரருக்கு இதய வால்வு மாற்றி எட்டு மாதம் ஆகிறது. இப்போதும் ஒரு மாடி ஏறினாலே உட்கார்ந்துவிடுகிறார். லிஃப்ட் பழுதுபார்க்கிறவர் படி ஏறாமல் முடியுமா? இதைக் குடித்தாவது தெம்பு வரட்டும்.

டம்ளரை எட்டிப் பார்த்தார். “ஃபிளாஸ்க்ல ஊத்திக் குடு. வேலைக்குப் போய் நிதானமா குடிச்சுக்கிறேன்.”

மார்ச் 7, வெள்ளி

ஃபிளாஸ்க் காலியாக வருகிறது. அதுவும் கழுவி வருகிறது. பத்தொன்பது வருடத்தில் ஒரு டம்ளரைக் கழுவி அறியாத மனுஷர். கீரைக்கு இவ்வளவு மகிமையா?

மார்ச் 12, புதன்

“எப்படி இருக்கு?” என்றேன். “அமிர்தம்” என்றார். இன்று மூன்று கைப்பிடியாக்கினேன்.

மார்ச் 18, செவ்வாய்

எழுதினாலாவது மனசு அடங்குமா?

ரத்தம் உறையாமல் இருக்க அவர் தினமும் போடும் மாத்திரையை வாங்கப் போனேன். பெருமை பொறுக்காமல் கீரைச்சாறு கதையை அளந்தேன். மருந்துக்கடைப் பெண் பில் போடுவதை நிறுத்திவிட்டாள். “அக்கா, டாக்டர்கிட்ட கேட்டீங்களா? திடீர்னு கீரையைக் கூட்டினா இந்த மாத்திரை சரியா வேலை செய்யாது. வால்வுல ரத்தம் கட்டிக்கலாம். காலைல முதல் வேலையா ரத்த டெஸ்ட் பண்ணிடுங்க.”

ஆஸ்பத்திரியில் கொடுத்த தாளை இப்போதுதான் முழுசாகப் படித்தேன். உப்பைக் குறைக்கணும் என்ற வரியோடு அன்றைக்கு நிறுத்தியிருக்கிறேன். கீரை அதற்கு அடுத்த வரி. படிச்சவதானே நான்? கண்ணு எங்க போச்சு?

ஞாயிறு தவிர்த்து பதிமூன்று நாள். என் கையாலேயே.

அவரிடம் சொல்ல வாய் வரவில்லை. வழக்கமான டெஸ்ட் என்று சொல்லிவைத்தேன். பக்கத்து அறையில் உட்கார்ந்து பாட்டு முணுமுணுக்கிறார்.

மார்ச் 19, புதன்

ரத்தம் கொடுத்துவிட்டு வரிசையில் காத்திருந்தோம். என்னால் முடியவில்லை. எல்லாவற்றையும் கொட்டி அழுதுவிட்டேன். நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

அவர், “நான் குடிக்கல” என்றார்.

“என்ன?”

“ஒரு நாளும் குடிக்கல. நம்ம சுருட்டைதான் குடிச்சான். அவன்தான் கழுவியும் குடுப்பான்.”

சுருட்டை என்பது அவரோடு வேலை செய்கிற சுருட்டைமுடிக்காரர்.

“பிடிக்கலைன்னு சொல்லக் கூடாதா?”

“நீ விடிய எழுந்து அரைக்கிற. எப்படிச் சொல்றது?”

அடிக்கலாம் போலவும் இருந்தது, அங்கேயே கட்டிக்கொள்ளலாம் போலவும் இருந்தது. அவர் தோளில் ஒரு குத்து விட்டேன். அதற்குப் பிறகுதான் மூச்சே ஒழுங்காக வந்தது.

ரிப்போர்ட்டைப் பார்த்த டாக்டர், ரத்தம் உறையும் அளவு எப்போதும் போலத்தான் இருக்கிறது என்றார். “கீரையே ஆகாதுன்னு இல்லம்மா. வாரா வாரம் சாப்பிடுற அளவு மாறக் கூடாது. புதுசா எது ஆரம்பிச்சாலும் எங்கிட்ட ஒரு வார்த்தை கேளுங்க.”

மார்ச் 20, வியாழன்

எட்டு மணி நேரம் தூங்கினேன்.

மார்ச் 28, வெள்ளி

டாக்டரிடம் கேட்டுக்கொண்டு, தோல் சீவிய வெள்ளரியும் ஆப்பிளும் அரைத்தேன். ஃபிளாஸ்க்கை எடுக்கவில்லை. டம்ளரைக் கையில் கொடுத்து எதிரிலேயே நின்றேன். ஒரு வாய் குடித்தார். என்னைப் பார்த்தார். டம்ளரைப் பார்த்தார்.

“நல்லால்ல” என்றார்.

மீதியை நானே குடித்தேன். உண்மையிலேயே நன்றாக இல்லை. கடைக்குப் போகிற வழியெல்லாம் சிரிப்பாக வந்தது.